கந்தலும் காகிதமும்: அன்றும் இன்றும்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் காகிதம் பற்றித் தெரியாத ஆளைப் பார்ப்பது அரிது. வெடிக்குழல் சுற்றுகிறவருக்குக் கிராஃப்ட் தாளின் கனம் விரல் நுனியில் இருக்கும். ஆஃப்செட் ஓட்டுகிறவர் ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்துவிட்டு, லாங் கிரெயினா ஷார்ட் கிரெயினா என்று சொல்லிவிடுவார். காலண்டர் அட்டை, கோடு போட்ட நோட்டு, டைரி, தீப்பெட்டி லேபிள், மத்தாப்புப் பெட்டி, திரியைச் சுற்றும் மெல்லிய தாள் என்று இந்த வட்டாரத்துக் கைகளில் புழங்காத காகித வகை குறைவு. ஆனால் லாரியில் வந்து இறங்கும் ரீல்களும் ரீம்களும் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. கரூர்ப் பக்கம் காகிதபுரத்திலிருந்து வரும், ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையத்திலிருந்து வரும், கப்பலேறி வெளிநாட்டிலிருந்தும் வரும். காகிதத்தை வெட்டவும் அச்சடிக்கவும் சுற்றவும் ஒட்டவும் தெரிந்த ஊர் இது. தாள் பிறக்கிற இடம் வேறு.

இங்கே யாரிடமாவது, கையால் செய்கிற வாட்டர்கலர் தாள் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "டன் என்ன விலைக்குப் போகும், அண்ணாச்சி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை ரீம் இறங்கும்?" என்பது அடுத்தது. காகிதத்தில் ஊறிய ஊர் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த இரண்டுக்கும் பதில் சொல்லப் போய்த்தான் கைக்காகிதத் தொழில் ஒரு காலத்தில் நொடித்தது. அந்தக் கேள்விகளே எழாத இடமாகப் பார்த்து நகர்ந்துகொண்ட பட்டறைகள்தான் இன்று பிழைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு வயது முந்நூறு. தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கும் அவருடைய தோழர்களும் 1710-களில் தமிழில் அச்சடிக்கத் தொடங்கியபோது எழுத்து கிடைத்தது, யந்திரம் கிடைத்தது, காகிதம்தான் போதவில்லை. கப்பலை நம்பி உட்கார வேண்டியிருந்தது. தாளை மிச்சப்படுத்துவதற்காக எழுத்தையே சிறிதாக வார்த்தார்கள். பிறகு பக்கத்திலிருக்கும் பொறையாற்றில் சொந்தமாக ஒரு காகிதப் பட்டறை போட்டார்கள். அது நெடுநாள் ஓடவில்லை. அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அச்சகத்துக்குத் தாள் வேண்டும் என்பதற்காகவே தொடங்கிய பட்டறை அது. தாளின் தரத்துக்காகத் தொடங்கியதில்லை. அளவும் விலையும்தான் அதன் நியாயம். அந்த நியாயத்தில் கையால் செய்த தாள் நிற்பது அப்போதே கஷ்டமாக இருந்திருக்கிறது. யந்திர ஆலைகள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

அடுத்த முயற்சி காந்தியின் காலத்தில். 1934 கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானபோது அதை நடத்த வந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு இவற்றோடு கைக்காகிதமும் சங்கத்தின் பட்டியலில் இருந்தது. கே.பி.ஜோஷி என்பவர் காகிதம் செய்வதைக் குடிசைத் தொழிலாக எப்படி நடத்தலாம் என்று சங்கத்துக்காகப் புத்தகமே எழுதினார். காகிதம் செய்யும் கலையை உலகம் முழுக்கத் தேடித் திரிந்த அமெரிக்கர் டார்ட் ஹண்டர், அதே பத்தாண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்து, இங்கே மிச்சமிருந்த கைக்காகிதப் பட்டறைகளைப் பார்த்து 1939-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1940-ல் புணேயில் கைக்காகிதத்துக்கென்றே ஒரு நிலையம் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு கதர் வாரியத்தின் குடைக்குள் தொழில் போய்ச் சேர்ந்தது. குமரப்பாவோ தம் கடைசி ஆண்டுகளை நம் பக்கத்து தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். நாரணாபுரத்திலிருந்து கல்லுப்பட்டிக்குப் போவது பெரிய பயணமொன்றுமில்லை. ஆனால் அவருடைய காகிதச் சிந்தனை இந்தப் பக்கம் தாண்டி வந்ததாகச் சொல்ல முடியாது. அதற்குள் இங்கே அச்சு யந்திரங்களின் சத்தம் பெரிதாகிவிட்டது.

அன்றைய கைக்காகிதத்தை ஒருவர் ஏன் வாங்கினார்? பெரும்பாலும் கடமைக்காக. லெட்டர்ஹெட், கோப்பு அட்டை, கல்யாணப் பத்திரிகை, கதர் பண்டாரில் விற்கும் வாழ்த்து அட்டை. எழுத உட்கார்ந்தால் மை ஊறும். ஒரு கட்டில் இருக்கும் தாள்கள் ஒரே கனத்தில் இருக்காது. மில் தாளைவிட விலை கூடுதல். கிராமத்து ஏழைக்கு வேலை கிடைக்கிறது என்ற நல்லெண்ணம்தான் அந்த விலை வித்தியாசத்தை இட்டு நிரப்பியது. நல்லெண்ணம் இரண்டு மூன்று ஆர்டர் வரை வரும். பட்டறைக்காரன் மாசக் கூலி கொடுப்பதற்கு அது போதாது. குமரப்பாவின் பொருளாதாரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எழுதும் தாளை எடுத்துக்கொண்டு ஆலையோடு மல்லுக்கு நின்றது தப்பான களம் என்றே நினைக்கிறேன். இதே கைவேலையை, ஆலை செய்ய முடியாத தாளுக்குத் திருப்பியிருக்க வேண்டும்.

அப்படி ஒரு தாள் அப்போதே இருந்தது. இங்கிலாந்தில், மெய்ட்ஸ்டன் ஊரில் ஜேம்ஸ் வாட்மேன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கோடு விழாத நெய்த கம்பிவலையில் தாள் தூக்கி, பிசினேற்றி, நீர்வண்ண ஓவியர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓவியர் டர்னர் அதில் வரைந்தார். தண்ணீரைக் கொட்டி, தேய்த்து, சுரண்டி, மறுபடி நனைத்தாலும் தாங்குகிற தாள். அதன் பேருக்கே ஒரு விலை இருந்தது.

நம் பக்கத்தில் ஓவியர்கள் இல்லாமலில்லை. சிவகாசிக் காலண்டர்களில் நாம் கும்பிட்ட முருகனையும் லட்சுமியையும் வரைந்த சி.கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் உட்கார்ந்திருந்தது கோவில்பட்டியில். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர் அவர். அவர்கள் கையாண்டது பெரும்பாலும் அடர்த்தியான, கீழே இருப்பதை மறைத்துவிடுகிற நீர்வண்ணம். அந்த வண்ணத்துக்குத் தாள் வெறும் தாங்கி. வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைக் குழம்பைப் பூசிக்கொள்ளலாம். படம் அச்சகத்துக்குப் போனால் அதன் வேலை முடிந்தது. மூலப்படம் எந்தத் தாளில் இருக்கிறது, ஐம்பது வருஷம் கழித்து மஞ்சளாகுமா என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அச்சாகிற லட்சக்கணக்கான பிரதிகள்தான் சரக்கு.

இன்று வாட்டர்கலர் என்று பிள்ளைகளும் பெரியவர்களும் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அதற்கு நேர்மாறான முறையை. வண்ணம் கண்ணாடி மாதிரி மெலிந்து நிற்கும், வெளிச்சம் அதற்குள் புகுந்து தாளின் வெள்ளையில் பட்டுத் திரும்பும். படத்திலிருக்கும் வெள்ளையெல்லாம் தாளின் வெள்ளை. அங்கே தாள் பாதி ஓவியர். ஈரத்தில் ஈரம் போட்டால் எவ்வளவு தூரம் பரவ வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தாளுக்குள் இருக்கும் நாரும் பிசினும் தீர்மானிக்கின்றன. ஆகவே இன்றைய வாடிக்கையாளர் டன் விலை கேட்பதில்லை. ஒற்றைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சில பழைய கைகள் தாளின் ஒரு மூலையை நாக்கில் தொட்டுப் பார்ப்பதுண்டு. எச்சில் சட்டென்று உள்ளே இறங்கிவிட்டால் பிசின் குறைவு. ஒட்டாமல் வழுக்கினால் பிசின் அதிகம். கடையில் வைத்து இதைச் செய்தால் முதலாளி முறைப்பார், ஆனால் நல்ல சோதனை.

தாள் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இந்த மாற்றம் புரியும்.

பருத்தித் துணியைப் பொடிப்பொடியாக வெட்டுகிறார்கள். பித்தான், தையல் நூல், ரப்பர், நைலான் லேபிள் எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிய வேண்டும். இந்த வேலையைப் பெண்கள்தான் அதிகம் செய்கிறார்கள். தாளின் பாதித் தரம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. பிறகு பீட்டர் எனப்படும் நீள்வட்டத் தொட்டி. தண்ணீரோடு துணி சுற்றிச் சுற்றி வரும், கத்திகள் பதித்த உருளையின் அடியில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கும். துணி நூலாகி, நூல் நாராகி, நார் சிலும்பிக் கூழாகும் வரை மணிக்கணக்கில் ஓட வேண்டும். இங்கேதான் அனுபவம் பேசும். வெட்டுப்பட்டால் நார் குட்டையாகித் தாள் நொறுங்கும். வெட்டாமல் நசுக்கினால் நார் நீளமாக நின்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உருளையை எவ்வளவு இறக்குவது என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

அப்புறம் தூக்குவது. பழைய முறையில் பெரிய தொட்டி நிறையக் கூழ்த்தண்ணீர். நூறு பங்கில் நார் ஒரு பங்கு இருந்தால் அதிகம். கம்பிவலை அச்சும் அதன் மேல் கழற்றி மாட்டும் மரச்சட்டமும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் தொட்டிக்குள் சாய்த்து இறக்குவார். கிடைமட்டமாக மேலே எடுப்பார். தண்ணீர் வலை வழியாக ஓடும் அந்தச் சில நொடிகளுக்குள் முன்னும் பின்னும் ஓர் அசைவு, இடமும் வலமும் ஓர் அசைவு. எல்லாப் பக்கமும் நார் பின்ன வேண்டும். ஆலைத் தாளில் நார் யந்திரம் ஓடும் திசையில் படுத்திருக்கும். அதனால்தான் நம்மூர் அச்சுக்காரர் கிரெயின் பார்க்கிறார், அதனால்தான் குழல் சுற்றுகிறவர் தாளை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று யோசிக்கிறார். கையால் தூக்கிய தாளில் அந்தத் திசை ஏறக்குறைய இல்லை. நனைத்தால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே மாதிரி உப்பும், காய்ந்தால் ஒரே மாதிரி சுருங்கும். ஓவியருக்கு இது பெரிய விஷயம். தண்ணீர் ஊற்றிய தாள் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும்.

அன்று தாளின் கனம், தூக்குகிறவரின் கைக்கணக்கில் இருந்தது. காலையில் தூக்கியதும் களைத்துப்போன சாயங்காலம் தூக்கியதும் ஒன்றாக வராது. இன்று பல இந்தியப் பட்டறைகளில் யூனிவாட் என்ற அமைப்பு வந்துவிட்டது. ஒரு தாளுக்கு வேண்டிய கூழை அளந்து சட்டத்துக்குள் ஊற்றிக் கலக்கி, நெம்புகோலை இறக்கி வலையைத் தூக்குகிறார்கள். அளவு குவளையில் இருப்பதால் கனம் பிசகாது. இது அசல் கைவேலையா என்று மூக்கைச் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தமில்லை. ஆர்டர் கொடுத்தவர் 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம், கேட்டால் 300 கொடுக்க வேண்டும். "கையால் செய்தது, முன்னே பின்னே இருக்கும்" என்று சமாதானம் சொல்லித்தான் அன்றைய கைக்காகிதம் வாடிக்கையாளரை இழந்தது.

தூக்கிய ஈரத்தாளைக் கம்பளித் துணியின் மேல் கவிழ்த்து, மேலே இன்னொரு துணி, அதன் மேல் இன்னொரு தாள் என்று அடுக்கி, அழுத்தத்தில் வைத்துத் தண்ணீரைப் பிழிந்து, நிழலில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். பிறகு உருளைகளுக்கிடையில் அழுத்தினால் வழவழப்பு. கம்பளியின் தடம் அப்படியே இருக்க விட்டால் சொரசொரப்பு. வாட்டர்கலர்காரர்கள் அந்தச் சொரசொரப்பைக் கேட்டு வாங்குகிறார்கள். உலர்ந்த தூரிகையை ஓட்டினால் வண்ணம் மேடுகளில் மட்டும் பட்டு, பள்ளங்களில் வெள்ளை மின்னும்.

பிசின் விஷயத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய இடைவெளி. அன்று குங்கிலியமும் படிக்காரமும். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் படிக்காரம் தாளுக்குள் அமிலத்தைக் கொண்டுவரும், அமிலம் வருஷம் போகப்போகத் தாளை மஞ்சளாக்கி நொறுக்கும். கோப்புத் தாளுக்கு அது பெரிய குறையில்லை, கோப்புகள் எப்படியும் கரையானுக்குத்தான் போகின்றன. நூறு வருஷம் நிற்க வேண்டிய ஓவியத்துக்கு அது ஆகாது. இன்று ஏ.கே.டி. எனும் மெழுகு வகைக் கலவையைக் கூழிலேயே சேர்க்கிறார்கள். அமிலமில்லை. கூடவே சுண்ணாம்புத் தூள். உயர்ரகத் தாள் என்றால் காய்ந்த தாளை மறுபடி ஜெலட்டின் குழம்பில் முக்கி மறுபடி காயவைக்க வேண்டும். ஒரே தாளை இரண்டு தடவை காயவைக்கிற செலவு அது. ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது என்பதால் இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளரில் ஒரு பகுதியினர் அது இல்லாத தாளாகக் கேட்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வாட்மேனுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஓரம் இன்னொரு வேடிக்கை. மரச்சட்டத்துக்கும் வலைக்கும் நடுவே கசிந்த கூழ், தாளின் நான்கு பக்கமும் சிலும்பலாக நிற்கும். கதர் காலத்தில் அந்த ஓரத்தை வெட்டித் தள்ளினார்கள், ஏனென்றால் தாள் ஆலைத் தாள் மாதிரி இருக்க வேண்டும். இன்று ஓரத்தோடு கொடுத்தால்தான் கையால் செய்தது என்று நம்புகிறார்கள். நான்கு பக்கமும் சிலும்பல் கெடாமல் இருந்தால் அதற்கொரு விலை. ஆலைத் தாளை ஸ்கேல் வைத்துக் கிழித்து ஓரம் உண்டாக்கி விற்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். நம்மூர் கட்டிங் மாஸ்டரிடம் சிலும்பல் தாளைக் கொடுத்தால் முதல் வேலையாக டிரிம் பண்ணிவிடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மூலப்பொருளும் மாறிவிட்டது. அன்று கிழிந்த வேட்டி, பழஞ்சேலை, தையல்காரர் கடைத் துண்டு. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, காகிதத்துக்கு நன்றாக வரும். இன்று பெரும்பங்கு பனியன் கட்டிங் வேஸ்ட். வெள்ளைப் பருத்தி பனியன் துண்டில் நார் நீளம், சலவைக்காரம் போட்டு வேகவைக்கும் வேலை குறைவு. கர்நாடகத்தில் ஹூப்ளி அருகே தாரிஹாளில் ஒரு பட்டறை டி-ஷர்ட் துண்டுகளிலிருந்து தாள் செய்து, காதி பேப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வழியாக உலகமெங்கும் ஓவியர்களுக்கு அனுப்புகிறது. துண்டு கிடைக்கும் பெரிய சந்தை நம் திருப்பூர். ஆனால் திருப்பூரிலும் இப்போது எல்லாத் துணியும் பருத்தி இல்லை. இழுத்தால் நீளும் இழையும் பாலியெஸ்டரும் கலந்துவிட்டன. கலப்பட இழை கூழாகாது, தாளில் மயிர் போல நீட்டிக்கொண்டு நிற்கும். சுத்தப் பருத்தித் துண்டுக்குக் கழிவுப்பஞ்சு நூல் மில்களும் போட்டி போடுகின்றன. கந்தல் என்று இளக்காரமாகச் சொன்ன பொருளுக்கு இன்று கிலோ கணக்கில் பேரம்.

அந்தத் துண்டு சிவகாசிக்கும் வராமலில்லை. ஆஃப்செட் யந்திரத்தின் உருளையில் ஒட்டிய மையைத் துடைக்க ஒவ்வொரு அச்சகமும் பனியன் வேஸ்ட் மூட்டை வாங்குகிறது. டர்னர் வரைந்த தாளின் வம்சத்துக்குரிய நார், நம்மிடம் மை துடைத்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். வாட்டர்கலரின் முழுத்தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம், அதாவது 56 செ.மீ.க்கு 76. இம்பீரியல் என்று பேர். டெமி, கிரவுன், ராயல் என்று அளந்து பழகிய பழைய பிரஸ்காரர்களுக்கு இந்தக் குடும்பப் பேர் தெரியும். 300 ஜி.எஸ்.எம்.மில் அந்தத் தாள் ஒன்று சுமார் 128 கிராம். ஜெராக்ஸ் கடையில் ஓடும் 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஐந்து கிராமுக்கும் குறைவு. ஆக ஒரு ஓவியத் தாளில் இருபத்தேழு ஜெராக்ஸ் தாளின் எடை. ஒரு டன் நாரில் எட்டாயிரம் தாள்கூடத் தேறாது. ஒரு தொட்டியில் நாள் முழுக்கத் தூக்கினாலும் எண்ணிக்கை நூறுகளில்தான் நிற்கும். ஆகவே "எத்தனை டன்?" என்ற கேள்விக்கு இந்தத் தொழிலில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தாளுக்கு என்ன கிடைக்கும், நூறு தாளில் எத்தனை கழிவு என்ற இரண்டு எண்களில்தான் லாபமும் நஷ்டமும். கூழில் கட்டி, கம்பளியில் மடிப்பு, தூக்கும்போது விழுந்த ஒரு சொட்டுத் தண்ணீர், காய்ந்தபின் சுருக்கம் என்று நூறு தாளில் பத்துப் பதினைந்து இரண்டாம் தரத்துக்குப் போனால், அந்த மாத லாபம் அதோடு போயிற்று. நல்ல வேளை, கழிவுத் தாளை மறுபடி பீட்டரில் போடலாம். கூலி மட்டும் திரும்பி வராது.

விலைபோவதற்கும் தடை உண்டு. இன்று கைத்தாளின் எதிராளி பெரிய எழுதுதாள் ஆலை கிடையாது. பிரான்சின் ஆர்ஷ், இத்தாலியின் ஃபாப்ரியானோ, இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட் எல்லாம் மெதுவாகச் சுழலும் வலை உருளையில் செய்யப்படுகிற தாள்கள். யந்திரம்தான், ஆனால் ஓட்டம் மெதுவானது. முழுப் பருத்தி, கனத்தில் பிசகில்லை. சீனாவின் பாவ்ஹாங் அதே முழுப் பருத்தியை மலிவாகக் கொடுக்கிறது. இவர்களுக்கு நடுவே கைத்தாள் நிற்க வேண்டும். ஒரு ஓவியர் ஒரு தாளில் பழகிவிட்டால், அடுத்த வருஷம் வாங்கும் தாளும் அதே போல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். துணி லாட் மாறினாலும், கிணற்றுத் தண்ணீரின் உப்பு மாறினாலும், பீட்டர்காரர் வேலையை விட்டுப் போனாலும் அது மாறும். போன வருஷத் தாளை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற பட்டறை பிழைக்கும்.

பணக்கார நாடுகளில் இந்தத் தொழிலின் நிலை இன்னும் மெலிவு. வாட்மேனின் அதே மெய்ட்ஸ்டனில் பார்ச்சம் கிரீன் குடும்பம் தலைமுறைகளாக நடத்திய ஹெய்ல் மில், கையால் தாள் தூக்குவதை 1987-ல் நிறுத்திவிட்டது. பிரிட்டனில் அழியும் தறுவாயில் இருக்கும் கைத்தொழில்களின் சிவப்புப் பட்டியலில், விற்பனைக்குக் கைக்காகிதம் செய்வதும் இருக்கிறது. சோமர்செட்டில் டூ ரிவர்ஸ் என்ற சின்னப் பட்டறை விடாமல் செய்கிறது. நம் நாட்டில் எண்ணிக்கை பரவாயில்லை. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் தலைமுறை தலைமுறையாகக் காகிதமே தொழிலாக உள்ள காக்ஸிக் குடும்பங்கள் உண்டு. அங்கே கைக்காகித ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசு வைத்த நிறுவனத்துக்குத் தஞ்சாவூர்க் குமரப்பாவின் பேர். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959-லிருந்து நடக்கிறது. ஆனால் இவற்றிலிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி பரிசுப் பை, டைரி, வண்ணத் தாள், அழைப்பிதழ். ஓவியத் தாள் என்பது அதற்குள் ஒரு சின்னக் கிளை. பை தைத்து வரும் காசுதான் பல இடங்களில் ஓவியத் தாளின் பொறுமையைத் தாங்குகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழைப்பிதழ் பருவத்தில் கூலி கொடுக்க முடிந்தால்தான் மற்ற மாதங்களில் நல்ல தாள் செய்ய உட்கார முடியும்.

அப்படியானால் நாரணாபுரத்தில் ஒரு பட்டறை போடலாமா? வறண்ட காற்று பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் உதவியது போலத் தாள் காயவும் உதவும் என்று தோன்றும். பாதிதான் சரி. சித்திரை வெயிலில் தொங்கவிட்ட கனத்த தாள் ஓரம் முந்திக் காய்ந்து, நடுப்பகுதி பின்தங்கி, அப்பளமாக நெளியும். அதனால்தான் வெள்ளைக்காரன் காயப்போடும் மாடியில் திறந்து மூடும் பலகணி வைத்துக் காற்றைக் கட்டுப்படுத்தினான். ஐப்பசி கார்த்திகையில் இங்கே மழை வந்தால் தலைகீழ், ஈரம் போகாமல் பூஞ்சை புள்ளி வைக்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். தண்ணீர்தான் கையை விரிக்கிறது. துணி கழுவ, பீட்டர் ஓட்ட, தொட்டி நிரப்ப என்று ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் வேண்டும், அதுவும் இரும்பும் உப்பும் குறைந்த தண்ணீர். வடிந்ததைச் சுற்றிவிட்டுப் பயன்படுத்தினாலும் கழுவும் தண்ணீர் புதிதாகத்தான் வர வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற கரிசல் பூமியில் அது கட்டுப்படியாகாது. இவ்வளவு காகிதம் தின்கிற ஊர் காகிதம் செய்யாமல் இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் தொட்டி வைப்பது மட்டுமே இந்தத் தொழில் ஆகாது. முழுத்தாளாக வாங்கும் ஓவியர்கள் குறைவு. கற்றுக்கொள்பவர்களும் வெளியே போய் வரைகிறவர்களும் கேட்பது நான்கு ஓரமும் பசையிட்ட பிளாக், தைத்த ஸ்கெட்ச் புத்தகம், அஞ்சலட்டை அளவுக் கட்டு. தண்ணீர் ஊற்றினாலும் நெளியாமல் தாளைப் பிடித்து வைக்கும் பசை, விரித்தால் தட்டையாகக் கிடக்கும் தையல், பையில் போட்டால் மூலை மடங்காத அட்டை. இவையெல்லாம் பைண்டிங் வேலைகள். சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்ட பிறகு, விரல்களில் காகித வேலையும் பசை வேலையும் பழகிய பலருக்கு வேலை நாள் குறைந்திருக்கிறது. அதே நேரம் இந்தியாவில் கிடைக்கும் கைத்தாள் ஸ்கெட்ச் புத்தகங்கள் பலவற்றில் தாள் அருமையாகவும் பைண்டிங் மட்டமாகவும் இருக்கிறது. இரண்டு தடவை விரித்தால் முதுகு உடைகிறது.

புதுச்சேரியிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ முழுத்தாள் வாங்கி இங்கே பிளாக்காகவும் புத்தகமாகவும் ஆக்குவதற்கு டன் கணக்குத் தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை, புதிய யந்திரமும் அதிகம் தேவையில்லை. இரண்டு விஷயம் மட்டும் மாற வேண்டும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பத்தை இறக்கிவிட்டு ஆர்டர் பிடிக்கிற வேகத்தில் இது ஓடாது. ஐம்பது புத்தகம், நூறு புத்தகம் என்று வரும் சின்ன ஆர்டரை அலுக்காமல் எடுக்க வேண்டும். இரண்டாவது, கட்டிங் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: அந்தச் சிலும்பல் ஓரத்தில் கத்தி வைக்கக் கூடாது.